சவரம் செய்த மீசை

அத்தியாயம் 6

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கதவைத் திறந்ததும் எங்கள் காதில் விழுந்தது இதுதான். சொன்னவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் தட்டச்சு செய்த ராஜினாமாக் கடிதம். அதன் மேல் ஒரு பேனா. அந்தப் பேனாவின் மூடியைக்கூட அவள் தொட்டிருக்கவில்லை.

"போடலைன்னா போலீஸ்தான்," என்றார் எதிரே நின்ற மேலாளர்.

"கூப்பிடுங்க சார். அவங்ககிட்டயும் இதையேதான் சொல்வேன்."

எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப் போயிற்று. அண்ணிக்கும் பிடித்துவிட்டது என்று தெரிந்தது. யாரையாவது பிடித்துவிட்டால் அண்ணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. புள்ளியியல் படித்துவிட்டுத் துப்பறிய வந்தவர். நான் அவருடைய உதவியாளன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சந்தேக நபர் என்று நினைத்து எங்களுக்கு வேலை கொடுத்தவரையே ஊர் முழுக்கப் பின்தொடர்ந்தேன். அன்றிலிருந்து என் பெயர் பல்பு.

எங்களை வரவழைத்த முதலாளி சோபாவில் சாய்ந்திருந்தார். அவருடையது கயிறு செய்யும் தொழிற்சாலை. உயரமான கட்டடங்களில் தொங்கிக்கொண்டே கண்ணாடி துடைக்கிறார்களே, அவர்கள் இடுப்பில் கட்டுகிற கயிறு. போன வாரம் அப்படி ஒரு கயிறு அறுந்து ஒருவன் விழுந்தான். நடுவில் நீட்டிக்கொண்டிருந்த பால்கனிக் கூரை தாங்கியதால் உயிர் பிழைத்தான். இடுப்பெலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

"சின்ன வேலைதாம்மா," என்றார் முதலாளி அண்ணியிடம். "தப்பு யாரு மேலன்னு எங்களுக்குத் தெரியும். வெளியாள் ஒருத்தர் வந்து பாத்துட்டு 'ஆமா'ன்னு எழுதிக் கொடுத்தா இன்சூரன்ஸ்காரங்க வாயை மூடிடுவாங்க."

"நான் 'ஆமா' சொல்றதுக்குக் காசு வாங்கறதில்ல," என்றார் அண்ணி. "பாத்துட்டுச் சொல்றேன். யாரு மேல தப்புன்னு நினைக்கறீங்க?"

மேலாளர் நாற்காலியைக் காட்டினார். "இவ மேல. முதல் சோதனை மேடை இவளோடது. ஒவ்வொரு ரோல்லயும் ஒரு துண்டு வெட்டி மெஷின்ல இழுத்து அறுக்கணும். எத்தனை கிலோவுல அறுந்ததுன்னு பதியணும். ரெண்டாயிரத்து இருநூறுக்குக் கீழ அறுந்தா அந்த ரோலை அனுப்பக் கூடாது. கெட்ட ரோல்னு தெரிஞ்சே அனுப்பியிருக்கா."

"விழுந்தவன் என் கூடப்பிறந்த தம்பி," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "இதையும் சேத்துச் சொல்லுங்க சார்."

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மேலாளர் ஒரு பெரிய தாளை மேஜையில் விரித்தார். ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று பெட்டிகள் வரைந்திருந்தன. ஒவ்வொரு பெட்டிக்கும் இடப்பக்கம் ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு. மூன்று பெட்டிகளுக்கும் இடப்பக்கமாக மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு போயிற்று. அதுதான் அந்த இரண்டாயிரத்து இருநூறு.

"மூணு மேடை, மூணு பெட்டி," என்றார் மேலாளர். "ரெண்டாவதும் மூணாவதும் எவ்வளவு சுத்தமா இருக்கு, பாருங்க. முதலாவதைப் பாருங்க. சிவப்புக் கோட்டுக்கு இடப்பக்கம் எறும்பு மொய்ச்ச மாதிரி புள்ளிகள். ஒரே நூல், ஒரே முறுக்கு மெஷின். இவ மேடையில மட்டும் ஏன் கெட்டது வரணும்?"

"நல்ல கேள்வி," என்றார் அண்ணி. தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "பதிலை மேடையில தேடுவோம். அவங்களும் எங்க கூட வரட்டும்."

சோதனை மேடைகள் மூன்றும் தனித்தனி இரும்பு அறைகளில் இருந்தன. அறுபடும் கயிறு சாட்டை மாதிரி சுழலுமாம். பக்கத்து ஆளின் முகத்தைப் பதம் பார்த்துவிடக் கூடாதென்று இந்த ஏற்பாடு. ஒரு அறையில் இருப்பவர் கத்தினாலும் அடுத்த அறைக்குக் கேட்காது.

முதல் அறையின் மூலையில் ஒரு தகரப் பீப்பாய். அறுந்த கயிற்றுத் துண்டுகள் அதில் வழிந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி நாடா சுற்றி, அறுந்த கிலோவை மையால் எழுதியிருந்தார்கள்.

"அண்ணி, அந்தப் படம் எனக்கு சுத்தமாப் புரியல," என்றேன். "பெட்டி இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு சொல்ல மாட்டேங்கறாங்க."

"பீப்பாயில கைய விட்டு பதினோரு துண்டு எடு. குறைஞ்சதுல இருந்து கூடினது வரைக்கும் வரிசையா வை."

வைத்தேன். தரையில் பதினோரு துண்டுகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன.

"நடுவுல யாரு?"

"ஆறாவது ஆள். ரெண்டாயிரத்து அறுநூத்தி நாப்பது."

"அதுதான் இடைநிலை. இந்தப் பக்கம் அஞ்சு, அந்தப் பக்கம் அஞ்சு. இடது அஞ்சுக்கு நடுவுல யாரு?"

"ரெண்டாயிரத்து ஐந்நூத்தி இருபது."

"முதல் கால்மானம். வலது அஞ்சுக்கு?"

"ரெண்டாயிரத்து எழுநூத்தி அறுபது."

"மூணாவது கால்மானம். இந்த ரெண்டு இடத்துலயும் சுவர் எழுப்பினா அதுதான் பெட்டி. ஏறக்குறையப் பாதிக் கயிறு இந்தப் பெட்டிக்குள்ள குடியிருக்கும். கால்வாசி இந்தப் பக்கம், கால்வாசி அந்தப் பக்கம். பெட்டியோட நீளம் என்ன?"

"இருநூத்தி நாப்பது."

"அதை ஒன்றரை மடங்கு ஆக்கு."

விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். "முந்நூத்தி அறுபது."

"இடது சுவர்ல இருந்து அவ்வளவு தூரம் வெளிய நட. ரெண்டாயிரத்து நூத்தி அறுபதுல ஒரு வேலி. வேலிக்குள்ள நிக்கிற கடைசி ஆள் வரைக்கும் ஒரு கோடு இழு. அது மீசை. வலப்பக்கமும் அதே மாதிரி. வேலியைத் தாண்டி எவன் நிக்கிறானோ அவனுக்கு மீசை கிடையாது. தனிப்புள்ளி."

நான் வரிசையின் இடக்கோடியைப் பார்த்தேன். முதல் துண்டின் நாடாவில் ஆயிரத்து நானூற்று இருபது என்று இருந்தது. வேலியைத் தாண்டி எங்கேயோ நின்றது அது.

"இவன் வீட்டை விட்டு ஓடிப்போனவன்," என்றேன்.

"ஓடிப்போனவனை ரெண்டு விதமா நடத்தலாம், பல்பு. ஏன் ஓடினான்னு விசாரிக்கலாம். இல்லன்னா குடும்ப அட்டையில இருந்து பேரை வெட்டிடலாம்." அண்ணி அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "இது அறுந்தப்ப நீங்க என்ன பண்ணினீங்க?"

"வழக்கமா என்ன பண்ணுவேனோ அதைத்தான் மேடம். அந்த ரோலுக்கு சிவப்பு நாடா கட்டி மூலைல தள்ளி வெச்சேன். மறுநாள் வந்தா ரோல் இருக்காது. கேட்டா, அழிச்சாச்சுன்னு சொல்வார்."

"யாரு?"

"மேலாளர் சார்தான். அதோட ஒண்ணு சேத்துச் சொல்வார். 'உன் பிடி சரியில்ல. மத்த ரெண்டு மேடையிலயும் ஒண்ணுகூட இப்படி வரல. உன் வேலைதான் மோசம்.' மெஷின்ல கயித்தைக் கவ்வுற அந்தப் பிடியை எத்தனையோ தடவை கழட்டித் துடைச்சு மாட்டிட்டேன். பிடி சரியாத்தான் இருக்கு. அதை அவர் முகத்துக்கு நேராவே சொன்னேன். அதுலேர்ந்து என்னைக் கண்டாலே ஆகாது."

அண்ணி தாளை வெளியே எடுத்துச் சுவரில் வைத்துப் பிடித்தார். அவர் நீண்ட நேரம் பார்த்தது அவளுடைய புள்ளிகளை அல்ல. மற்ற இரண்டு பெட்டிகளை.

"பல்பு, இந்த மீசைகளைப் பாத்து என்ன தோணுது?"

"வலது மீசை ரெண்டும் தாறுமாறா இருக்கு. ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. அதுக்கும் அப்பால ரெண்டு மூணு புள்ளி. இடது மீசை ரெண்டும் நல்லா அளவா, சிவப்புக் கோட்டுகிட்ட வந்ததும் நறுக்குன்னு நின்னுடுது."

"ரெண்டு மேடை. ரெண்டு ஆள். ரெண்டு இடது மீசையும் ஒரே இடத்துல முடியுது. அதுவும் எங்க? கம்பெனி போட்ட கோட்டுல." அண்ணி சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார். "இந்தக் கோடு எங்க இருக்குன்னு கயித்துக்கு எப்படித் தெரியும்?"

நான் தாளை நெருங்கிப் பார்த்தேன். அண்ணி தொடர்ந்தார்.

"தானா வளர்ந்த மீசை ஒரு பக்கம் நீளும், ஒரு பக்கம் குறையும். இது சவரம் பண்ணின மீசை. யாரோ கத்தி வெச்சிருக்காங்க."

"அப்போ அந்த ரெண்டு பேரும் கள்ளக் கணக்கு எழுதறாங்களா?" என்று கேட்டாள் அவள்.

"அப்படியும் இருக்கலாம். சோதனையே பண்ணாம நல்ல நம்பரா எழுதியிருக்கலாம். அப்படின்னா அவங்க பீப்பாயில கயிறு இருக்காது. போய்ப் பாத்துடுவோம்."

இரண்டாவது அறையின் பீப்பாயைத் தேடினோம். தரையில் துரு வட்டம்தான் இருந்தது. மூன்றாவது அறையிலும் அதேதான்.

"ஆக, எழுதினதெல்லாம் பொய்," என்றேன். "வழக்கு முடிஞ்சுது. போற வழியில சாப்பிட்டுப் போலாம்."

"பீப்பாய் காலியா இருந்தா அது பொய்," என்றார் அண்ணி. "பீப்பாயே இல்லன்னா?"

அப்போதுதான் பின்பக்கம் லாரி உறுமுவது கேட்டது. அவள் ஜன்னலுக்கு ஓடினாள். "பழைய கயிறு எடுக்கிற லாரி. மாசக் கடைசிலதானே வரும்."

நான் ஓடினேன். எனக்கு மூளை குறைவு என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். கால்களைப் பற்றி இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. லாரி வாசலைத் தொடுவதற்குள் அதன் முன்னால் போய்க் கைகளை விரித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, தள்ளு," என்று தலையை நீட்டினார் ஓட்டுநர்.

"தள்ள மாட்டேன்."

"ஏத்திட்டுப் போயிடுவேன்."

"ஏத்துங்க. எங்க அண்ணி உங்களை விடமாட்டாங்க. என்மேல பாசம்னு இல்ல, எனக்குப் பதிலா ஆள் தேடறது பெரிய தொல்லை."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு இஞ்சினை அணைத்தார். அண்ணி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"இந்த ரெண்டு பீப்பாயையும் ஏத்தச் சொன்னது யாரு?"

"மேலாளர்தான். உடனே வான்னு போன் போட்டார். ரெண்டாம் நம்பரும் மூணாம் நம்பரும் மட்டும் போதும், ஒண்ணாம் நம்பரைத் தொடாதேன்னார்."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் லாரி மேல் ஏறி இரண்டு பீப்பாய்களையும் முற்றத்தில் கவிழ்த்தேன். கயிற்றுத் துண்டுகள் மலை மாதிரி குவிந்தன. அந்தப் பெண் மண்டியிட்டு நாடாக்களைப் படிக்க ஆரம்பித்தாள். அவள் கை சட்டென்று நின்றது.

"ஆயிரத்து அறுநூறு. இது ரெண்டாம் மேடை பஞ்சு அண்ணன் கையெழுத்து." இன்னொன்றை எடுத்தாள். "ஆயிரத்து முந்நூத்தி எண்பது. இது மூணாம் மேடை ஆறடி." அப்புறம் அவள் படிக்கவில்லை. ஒதுக்கி வைத்துக்கொண்டே போனாள். அவள் பக்கத்தில் ஒரு சின்னக் குவியல் உயர்ந்தது.

இரைச்சலுக்காகக் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற இரண்டாம் மேடைக்காரரையும், வாசலில் குனிந்து நுழைகிற மூன்றாம் மேடைக்காரரையும் அழைத்து வந்தேன். இருவரும் குவியலைப் பார்த்ததும் தலையைத் தொங்கப்போட்டார்கள். பின்னாலேயே முதலாளியும் மேலாளரும் வேகமாக வந்தார்கள்.

"இது உங்க கையெழுத்தா?" என்று கேட்டார் அண்ணி.

பஞ்சு காதிலிருந்து பஞ்சை எடுத்தார். "ஆமாம்மா. நானும் சிவப்பு நாடா கட்டித்தான் தள்ளி வெச்சேன். வெளிய சொல்லல. சொன்னா வேலை போயிடும்னு பயம்."

"ஏன் பயம்? கெட்ட கயித்தைக் கெட்டதுன்னுதானே சொன்னீங்க."

அவர் மேலாளரை ஓரக்கண்ணால் பார்த்தார். "'உன் மேடையில மட்டும்தான் இப்படி வருது, உன் பிடி சரியில்ல'ன்னு சார் சொன்னார். எனக்கு வயசாயிடுச்சு, கை நடுங்குது போலன்னு நானே நம்பிட்டேன்."

ஆறடி நிமிர்ந்தார். "உங்ககிட்டயும் அதைத்தான் சொன்னாரா?"

அந்தப் பெண் மெதுவாக எழுந்தாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாளும் மூன்று இரும்பு அறைகளுக்குள் ஒவ்வொருவரும் தான்தான் மோசமான வேலைக்காரர் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் நம்பவில்லை. அதனால்தான் பழி அவள் தலையில் விழுந்தது.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "அவுட்லையரை, அதான் தனிப்புள்ளியை, நீக்கிட்டுத்தான் கணக்குப் பாக்கணும். அது பாடப் புத்தகத்துலயே இருக்கு. படிச்சவங்களுக்குத் தெரியும்."

"நானும் கொஞ்சம் படிச்சிருக்கேன்," என்றார் அண்ணி. "பிடி நழுவிச்சு, நம்பரைத் தப்பா அடிச்சாங்க, இப்படிக் காரணம் தெரிஞ்சா நீக்கலாம். காரணம் தெரியலைன்னா தேடணும். சரி, நீங்க நீக்கினீங்கன்னே வெச்சுப்போம். வலப்பக்கம் தனியா நிக்கிற புள்ளிகளை ஏன் விட்டுட்டீங்க? அதுவும் அவுட்லையர்தானே. வேலியைத் தாண்டினவனை நீங்க வெட்டல. சிவப்புக் கோட்டைத் தாண்டினவனைத்தான் வெட்டியிருக்கீங்க. முதல்ல மூணு மேடையிலயும். விபத்து நடந்ததும், இந்தப் பொண்ணோட புள்ளிகளை மட்டும் திரும்பப் படத்துல போட்டீங்க, எதிர்த்துப் பேசினவங்க இவங்கன்னு. சிவப்பு நாடாவை அவுத்து மூணு மேடை ரோலையும் வெளிய அனுப்பினது நீங்க."

மேலாளர் முதலாளி பக்கம் திரும்பினார். "நீங்கதானே சார் சொன்னீங்க. விலை குறைஞ்ச நூலுக்கு மாத்தியாச்சு, ஒரு ரோல்கூட நிக்கக் கூடாதுன்னு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. முதலாளியின் முகத்தில் அதிர்ச்சி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் நிதானமாகக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, தப்பு நடந்துபோச்சு," என்றார். "இது நமக்குள்ளயே இருக்கட்டும். இந்தப் பொண்ணு வேலையில இருக்கட்டும். இவ தம்பி ஆஸ்பத்திரிச் செலவை நான் பாத்துக்கறேன். வெளிய போன ரோலையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா, சத்தமில்லாம மாத்திடலாம். அம்மா, உங்களை வரவழைச்சது நான்தான். அதை மறந்துடாதீங்க."

"மறக்கல," என்றார் அண்ணி. "உங்க காசு உங்ககிட்டயே இருக்கட்டும். நான் பாத்ததை எழுதத்தான் போறேன். முதல் பிரதி போலீசுக்கு."

"கொஞ்சம் கொஞ்சமான்னா எப்ப?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ரெண்டு மூணு மாசத்துல."

"இப்ப அந்தக் கயித்துல ஆளுங்க தொங்கிட்டிருக்காங்க."

அவள் போனை எடுத்துவிட்டாள். "வைம்மா கீழே," என்று முதலாளி கையை நீட்டிக்கொண்டு வந்தார். அவருக்கும் அவளுக்கும் நடுவில் ஆறடி வந்து நின்றார். அவர் நின்றாலே அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. பஞ்சு அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

அவள் அழைத்தது தம்பியின் மேஸ்திரியை. எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினாள்.

"யாரும்மா, வேலை நேரத்துல?" காற்றின் இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரல்.

"அண்ணே, கயிறு அறுத்துப் பாக்கிறவ பேசறேன். விழுந்தவனோட அக்கா. உங்க ஆளுங்க இடுப்புல இருக்கறது எங்க கயிறா?"

"ஆமா, புதுசு. ஏன்?"

"அதே நூல்ல செஞ்சது. எல்லாரையும் நிறுத்துங்க."

"பாதிக் கண்ணாடி பாக்கி இருக்கும்மா. இறங்கினப்புறம் பேசிக்கலாம்."

"இறங்க விடாதீங்க. கயித்துல இனி கொஞ்சம்கூட இழுவை விழக் கூடாது. பக்கத்துல எந்த ஜன்னல் இருக்கோ அது வழியா உள்ள போகச் சொல்லுங்க. திறக்கலைன்னா உடைக்கச் சொல்லுங்க."

"உடைச்சா யாரு பொறுப்பு?"

"நான். கேஸ் போட்டா என் மேல போடச் சொல்லுங்க. இப்ப கூப்பிடுங்க அண்ணே."

மேஸ்திரி யாரையோ கத்திக் கூப்பிட்டார். நாங்கள் முற்றத்தில் அந்த மலை மாதிரிக் குவியலைச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். லாரி ஓட்டுநர்கூட இறங்கி வந்து நின்றார். "ஒருத்தன் உள்ள வந்துட்டான்," என்றது போன். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டாவது ஆளும்." கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. ஒரு பெண் அலுவலகத்துக்குள்ளிருந்து அலறியது கேட்டது. "மூணு பேர். ஒருத்தன் பாக்கி. அவன் பக்கத்துல ஜன்னல் இல்ல, வெறும் சுவர்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். குரல் மட்டும் அசையவில்லை. "மாடியில இருந்து வேற கயிறு விடுங்க. பழசு ஏதாவது இருக்கா?"

"போன வருஷத்துது இருக்கு."

"அது பழைய நூல். அதை விடுங்க. அதை மாட்டினப்புறம்தான் அவன் அசையணும்."

அண்ணி என் கையைப் பிடித்திருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் பார்த்தபோது மணிக்கட்டில் நகம் பதிந்திருந்தது.

"வந்துட்டான்," என்றது போன். பிறகு மேஸ்திரி எதுவோ சொல்ல ஆரம்பித்து, நிறுத்தி, மூக்கை உறிஞ்சினார். "அடுத்தடுத்த கட்டடத்துலயும் நம்ம ஆளுங்க இருக்காங்கம்மா. நான் சொல்லிக்கறேன்."

"சொல்லுங்க," என்றாள் அவள்.

போனை வைத்துவிட்டு முதலாளியைப் பார்த்தாள். அவர் விரலை நீட்டினார். "நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

"வருவேன்," என்றாள். "திரும்பி வர்ற ஒவ்வொரு ரோலையும் யாராவது அறுத்துப் பாக்கணுமே."

அவள் கீழே குனிந்து, ஒதுக்கி வைத்திருந்த துண்டுகளை இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டு உள்ளே நடந்தாள். பஞ்சும் ஆறடியும் மீதியை அள்ளிக்கொண்டு பின்னால் போனார்கள். மூன்று பேரும் முதல் அறைக்குள் ஒன்றாக நுழைந்தார்கள். கதவை அவர்கள் சாத்தவில்லை.